நான்காவது மடிப்பு

நாற்பத்தெட்டாம் பக்கம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நாற்பத்தொன்பதைப் புரட்டிய சோமசேகரம் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணாடியில் பிழையில்லை.

‘விஞ்ஞானி எப்படித் தவறுகிறான்?’ என்பது அவர் எழுதிய நூலின் பெயர். விஞ்ஞானத்தின் தத்துவத்தைத் தமிழில் சொல்ல வந்த கனமான புத்தகம். தலைமயிர் கறுப்பாக இருந்தபோது எழுதத் தொடங்கி, அது நரைத்து, பாதி உதிர்ந்த பிறகு முடித்தது. நான்காவது அத்தியாயம் நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் ஆரம்பிக்கவேண்டும். அங்கே இப்படி இருந்தது:

‘தீவில் அன்றைக்கும் காற்று அடங்கவில்லை. அவன் வெளிச்சவீட்டின் உச்சியில் நின்றுகொண்டிருந்தான். அவள் படியேறி வந்து ஈரக் கூந்தலை ஒருபக்கம் ஒதுக்கி, “இன்றைக்காவது கீழே வாருங்களேன்” என்றாள்.’

“பூரணி!” என்று மாஸ்டர் அலறினார்.

அவருடைய மனைவி பூரணி குசினியிலிருந்து தேநீரோடு வந்தாள்.

“அங்க வை. இஞ்ச வந்து இதைப் பார். என்ட புத்தகத்துக்குள்ள ஒருத்தி ஈரத் தலையோட நிக்கிறாள்!”

பூரணி எட்டிப் பார்த்தாள். “வாசிச்சனீங்களே?”

“நாலு வரியோடயே வயித்தைக் குமட்டுது.”

“மிச்சத்தையும் வாசிச்சுப் பாருங்கோவன். சிலவேளை நல்லாயிருக்கும்.”

“எனக்கென்ன விசரே?” என்றார் மாஸ்டர். பூரணி அதற்குமேல் நிற்கவில்லை. அடுப்பில் மீன் கிடந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று மாஸ்டருக்கு உடனே விளங்கிவிட்டது. துறைமுகத்து வீதியில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் றஊப், கடதாசித் தட்டுப்பாட்டைக் காட்டி இரண்டு வருடமாக அவருடைய புத்தகத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தவன். கொழும்பிலிருந்து ஒரு லொறி கடதாசி வருவதென்றால் வழியிலுள்ள அத்தனை சோதனைச் சாவடிகளிலும் இறக்கி ஏற்றவேண்டிய போர்க்காலம் அது. அப்படிப்பட்டவன் ஒருநாள் தானாகவே வீட்டுக்கு வந்து, “மாஸ்டர், ஒரு தீவுக் காதல் கதை கையில கிடைச்சிருக்கு. நல்லா ஓடும். அதுக்குக் கடதாசி எடுக்கக்குள்ள உங்கடதையும் சேர்த்து அடிச்சுத் தாறன்” என்று சொன்னான்.

காதல் கதைக்குத் துணையாகப் போவதா என்று மாஸ்டருக்கு ரோஷம் வந்தது. ஆனால் புத்தகம் வெளிவரவேண்டுமே. ரோஷத்தை மடித்து வைத்துவிட்டுச் சம்மதித்தார்.

கதையின் பெயர் ‘வெளிச்சவீட்டுத் தீவு’. எழுதியவர் பெயர் ‘கடற்பாசி’.

“பேரைப் பார், பாசியாம்!” என்று அன்றைக்கே மாஸ்டர் வீட்டில் சொல்லிச் சிரித்தார். “நிச்சயமா இது ஒரு ஆம்பிளை. வேலைவெட்டி இல்லாத ஆம்பிளை.”

றஊப்பின் அச்சுக்கூடத்தில் பதினாறு பக்கங்களை ஒரே தாளில் அடிப்பார்கள். அந்தத் தாளை மடித்தால் ஒரு மடிப்பு. மடிப்புகளை அடுக்கித் தைத்தால் புத்தகம். தைக்கும் வேலை கடலுக்கு அக்கரையில், கிண்ணியாவில் இருக்கும் நஜ்முன் நிஸா என்ற பெண்ணின் வீட்டில் நடக்கும். இரண்டு புத்தகத்தின் மடிப்புகளும் ஒரே வீட்டில் கிடந்தால் என்ன ஆகும்? மாஸ்டரின் நான்காவது மடிப்பு போய், கடற்பாசியின் நான்காவது மடிப்பு அந்த இடத்தில் வந்து குந்திவிட்டது.

வேறு நேரமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நகரில் புதிதாகத் திறக்கவிருந்த உயர்கல்வி நிறுவனத்துக்கு விஞ்ஞானத் தத்துவ விரிவுரையாளர் ஒருவர் தேவைப்பட்டார். மாஸ்டர் விண்ணப்பித்திருந்தார். அடுத்த கிழமை நேர்முகம். கொழும்பிலிருந்து வரும் தெரிவுக்குழுவுக்கு, தைத்து முடிந்த முதல் பிரதிகளை றஊப் நேரே அனுப்பிவிட்டான். பாடசாலை அதிபருக்கு ஒன்று கொடுத்தான். மாஸ்டருடைய பிரதியைப் பூரணியின் கையில் கொடுத்துவிட்டு, கடதாசி எடுக்கக் கொழும்புக்குப் போய்விட்டான். அச்சுக்கூடம் பூட்டு. கிண்ணியாப் பக்கம் இராணுவச் சுற்றிவளைப்பு என்று அன்று காலையிலிருந்து ‘பாதை’ ஓடவில்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைப் படகைத்தான் ஊரில் பாதை என்பார்கள்.

வாழ்நாள் முழுவதும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அமிலத்தையும் காரத்தையும் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு, சாகும் முன் ஒருநாளாவது விரிவுரையாளர் என்று கூப்பிடப்படவேண்டும் என்பது ஒன்றே ஆசை. அந்த ஆசையை ஈரத் தலையோடு ஒருத்தி வந்து கெடுக்கப் பார்க்கிறாள்.

மாஸ்டர் சேர்ட்டை மாட்டினார். “தந்திக் கந்தோருக்குப் போறன். குழுவுக்கு அறிவிக்கவேணும்.”

“அதிபரிட்ட ஒரு புத்தகம் கிடக்குத்தானே,” என்றாள் பூரணி. “அதையும் ஒருக்காப் பாத்திட்டு அடிச்சா என்ன?”

“என்ட புத்தகமே இப்பிடியெண்டா மற்றதுகள் எப்பிடியிருக்கும்? இதுக்கெல்லாம் ஆராய்ச்சி தேவையில்லை.”

“இல்லை, நான் என்ன சொல்ல வந்தனான் எண்டா...”

மாஸ்டர் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

தந்திக் கந்தோரில் கலீலுர் றஹ்மான் இருந்தார். மாஸ்டரிடம் படித்தவர். மாஸ்டர் எழுதிக் கொடுத்ததை வாங்கி மெல்ல வாசித்தார்.

“நாற்பத்தொன்பது முதல் அறுபத்துநான்கு வரை என்னுடையவை அல்ல. கணக்கில் எடுக்கவேண்டாம். சோமசேகரம்.” வாசித்தவரின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். “சேர், என்ன சாமான் இது?”

“என்ன சாமான்?”

“இலக்கம் போட்டு, ‘என்னுடையது இல்ல’ எண்டு தந்தி அடிச்சா, நேவிக்காரன் என்னையும் கூட்டிட்டுப் போவான் சேர். துறைமுகத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டு இப்பிடி எழுதலாமா?”

“பக்க இலக்கம் ஐசே! என்ட புத்தகத்தில பக்கம் மாறிப்போச்சு!”

“அப்ப என்ன பக்கம் வந்திருக்கு எண்டும் சொல்லுங்க. கேட்டா நான் பதில் சொல்லணும்.”

மாஸ்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். வேறு வழியில்லை.

“ஒரு காதல் கதை,” என்றார் மெதுவாக.

“கேக்கல்ல சேர்.”

“காதல் கதை! தீவில நடக்கிற காதல் கதை! என்ட தத்துவப் புத்தகத்துக்குள்ள பதினாறு பக்கம்!”

தந்தி போயிற்று. செய்தி அதற்கு முந்தியே போய்விட்டது. மாஸ்டர் சந்தியைத் தாண்டும்போது மரக்கறிக் கடைக்காரர், “மாஸ்டர், புத்தகம் ஒண்டு எடுக்கேலுமோ?” என்று கேட்டார். அவர் தன் ஆயுளில் பஞ்சாங்கத்தைத் தவிர எதையும் வாசித்ததாக ஊரில் யாருக்கும் தெரியாது. அடுத்த நாள் பாடசாலையில் இரண்டு ஆசிரியைகள் விஞ்ஞானத்தின் தத்துவத்தில் தங்களுக்குச் சிறுவயதிலிருந்தே ஈடுபாடு இருப்பதாகச் சொன்னார்கள்.

அதிபர் கனகரத்தினம் கண்டிப்பான மனிதர். மாஸ்டர் அவருடைய அறைக்குப் போய், “அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தாங்கோ. அதில பிழை இருக்குது” என்று கேட்டார்.

“கேள்விப்பட்டனான்,” என்றார் அதிபர். “பாடசாலையின் ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயம். நான் முதலில வாசிச்சுப் பார்க்கவேணும்.”

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மதியச் சாப்பாட்டையும் மறந்து வாசித்தார். பாடசாலை விடும் நேரம் வெளியே வந்தபோது அவர் முகத்தில் களைப்பும், ஏமாந்தவரின் கோபமும் தெரிந்தன.

“மாஸ்டர், முழுக்கப் பார்த்தனான். அப்பிடி ஒண்டும் இல்லையே! எல்லாம் ஒரே தத்துவமாத்தான் கிடக்குது.”

மாஸ்டர் நெகிழ்ந்துபோனார். என்ன பெருந்தன்மை! தன்னோடு வேலை செய்பவனின் மானம் போகக்கூடாது என்பதற்காக, கண்ணால் கண்டதையே காணவில்லை என்று சொல்கிறாரே. அதிபரின் கையைப் பிடித்து, “உங்கட நல்ல மனதுக்கு நன்றி” என்றார். அதிபருக்கு ஒன்றும் விளங்கவில்லை. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தார்.

நேர்முகத்துக்கு முதல் நாள் பின்னேரம், மாஸ்டர் கதிரையில் இருந்து குறிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூரணி தேநீரை வைத்தாள்.

“அங்க வை.”

“அங்கதான் வைச்சனான். உங்களிட்ட ஒரு விஷயம் சொல்லவேணும்.”

“நாளைக்கு முடியட்டும்.”

“அந்தப் பதினாறு பக்கமும்...”

“பூரணி! அந்தப் பக்கங்களைப் பற்றி இந்த வீட்டில ஆரும் கதைக்கக்கூடாது. அதை எழுதின பாசியை மட்டும் நான் நேரில கண்டனெண்டா, ஏன் பிறந்தாய் எண்டு கேப்பன்.”

மாஸ்டர் மறுபடியும் குறிப்புகளில் மூழ்கினார். பிறகு பூரணி வந்து ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

நேர்முகம் கல்விக் கந்தோரில் நடந்தது. குழுவின் தலைவர் வெள்ளைத் தாடி வைத்த பேராசிரியர். பக்கத்தில் இன்னொரு பேராசிரியரும், மெலிந்த அம்மா ஒருவரும். மூன்று பேருக்கு முன்னாலும் ‘விஞ்ஞானி எப்படித் தவறுகிறான்?’ இருந்தது. மாஸ்டருக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தன.

“உங்கட தந்தி கிடைச்சது,” என்றார் தலைவர். “மிக நேர்மையான காரியம். எத்தினை பேர் இப்பிடி ஒத்துக்கொள்ளுவினம்?”

“அதை நீங்கள் பெரிசுபடுத்தக்கூடாது. அது வெறும் குப்பை.”

“குப்பையோ?” மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் சொன்னார்: “மற்ற அத்தியாயங்கள் பரவாயில்லை. ஆனா அந்தப் பதினாறு பக்கமும்தான் புத்தகமே. அதைப்போல எழுத்தைத் தமிழில நான் கண்டதில்லை.”

மாஸ்டர் அந்த வெள்ளைத் தாடியை ஏற இறங்கப் பார்த்தார். கொழும்புப் பேராசிரியர்களும் இப்படி ஆகிவிட்டார்களா?

“எழுதினவருக்கு எவ்வளவு தெளிவு, எவ்வளவு அனுபவம்!” என்றார் இரண்டாவது பேராசிரியர்.

“அனுபவம் இருக்கலாம்,” என்றார் மாஸ்டர் கசப்போடு. “ஆனா இப்பிடியான அனுபவத்தை எல்லாம் பொதுவில எழுதக்கூடாது.”

“நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறம்,” என்றார் தலைவர். “அந்தப் பக்கங்களை எழுதின ஆளுக்குத்தான் இந்த வேலையைக் குடுக்கவேணும். அவர் ஆர் எண்டு நீங்கள் சொன்னால் போதும்.”

“அவருக்கா? விரிவுரையாளர் வேலையா? ஈரக் கூந்தலைப் பற்றி எழுதுறவருக்கா?”

தலைவர் தன் பிரதியை விரித்து மெல்ல வாசித்தார்: “‘ஒரு பாரை மீன் பழுதாயிருந்ததைக் கண்டு சந்தை முழுவதும் பழுது என்று வீட்டுக்குத் திரும்புகிறவன், அன்றைக்குக் கறியை மட்டுமல்ல, விஞ்ஞானத்தையும் இழக்கிறான்.’ இதில கூந்தல் எங்க வருகுது?”

மாஸ்டர் எழுந்தே விட்டார். அது அவருடைய வசனம். அவருடைய நான்காவது அத்தியாயம். மேசையில் இருந்த மூன்று பிரதிகளையும் பறித்துப் புரட்டினார். மூன்றிலும் நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் அவரே இருந்தார்.

“ஐயா, இது என்னுடையது! இதை எழுதினது நான்தான்!”

“அப்ப தந்தி?”

“என்ட பிரதியில பக்கம் மாறியிருக்கு. எல்லாத்திலயும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்.”

“ஒரு பிரதியை மட்டும் பார்த்தோ?”

மாஸ்டர் தலையாட்டினார்.

“அதுதான் எங்களுக்குச் சந்தேகமாயிருக்கு,” என்றார் தலைவர் அன்பாகவே. “ஒரு மீனைப் பார்த்துச் சந்தையை முடிவு செய்யாதே எண்டு இவ்வளவு அழகா எழுதின மனுசன், ஒரு புத்தகத்தைப் பார்த்துத் தந்தி அடிப்பாரோ?”

மாஸ்டர் தன் பிரதியை எடுத்துக் காட்டினார். அது கைமாறிக் கடைசியில் மெலிந்த அம்மாவிடம் போய் நின்றது. பேராசிரியர்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, அந்த அம்மா ஓசையில்லாமல் வாசித்துக்கொண்டே போனார். திடீரென்று கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார்.

“இஞ்ச கேளுங்கோ,” என்று வாசித்தார். “‘போகிற கப்பல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒருநாளைக்கு நானும் ஒரு கப்பலில் ஏறி உங்கள் முன்னால் போகிறேன். அப்போதாவது என்னைப் பார்ப்பீர்களா?’” அவர் நிமிர்ந்தார். “பிறகு அவன் கீழ இறங்கி வந்தவனோ?”

“எனக்குத் தெரியாது. நான் வாசிக்கேல்லை.”

“கையிலேயே இருந்ததே!”

“இருந்தது...” என்றார் மாஸ்டர்.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். “நாளைக்குக் காலமை நாங்கள் கொழும்புக்குப் போறம். உங்கட பிரதியில இருந்து கழண்ட மடிப்பு எங்கயாவது இருக்கவேணும். அதைக் கொண்டுவந்து காட்டினீங்களெண்டா உங்கட கதையை நம்புறம். வேலையும் உங்களுக்குத்தான்.”

நல்லவேளையாக அன்று பாதை ஓடத் தொடங்கியிருந்தது. சாவடியில் பையைத் திறந்து காட்டி, கையை உயர்த்தித் தடவவிட்டு, மாஸ்டர் ஏறினார். சைக்கிள்களுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் நிற்க ஓரிடம் கிடைத்தது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் புத்தகத்தை விரித்தார்.

வெளிச்சவீட்டுக் காவலன் எந்நேரமும் தூரக்கண்ணாடியால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி தேநீர் கொண்டுவந்தாள். “அங்கே வை” என்றான். அது ஆறியது. அவளே எடுத்துக்கொண்டு போய்க் குடித்தாள். மறுநாளும் கொண்டுவந்தாள்.

என்ன மனிதன் இவன் என்று மாஸ்டருக்கு எரிச்சல் வந்தது. ஒருக்கால் திரும்பிப் பார்த்தால் கப்பல் கவிழ்ந்தா போய்விடும்? இப்படிப்பட்டவனுக்கும் ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருக்கிறாளே, பாவம். இன்னும் இரண்டு பக்கம் வாசித்தார். நெஞ்சு ஏனோ ஒருமாதிரி கனத்தது. பாதை ஆடுவதால்தான் என்று முடிவு செய்து புத்தகத்தை மூடினார்.

நஜ்முன் நிஸா வீட்டு முன்கூடத்தில் பாயில் இருந்து தைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டரைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“வாங்க சேர். இப்பதான் பாதை ஓடுதாம். நீங்க வருவீங்க எண்டு நினைச்சன்.”

“என்ட நாலாவது மடிப்பு எங்க?”

அவள் அலுமாரியைத் திறந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்த மடிப்பை எடுத்து நீட்டினாள். நாற்பத்தொன்பது முதல் அறுபத்துநான்கு வரை. ஒரு கசங்கலும் இல்லை. மாஸ்டர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது. அந்த நிம்மதி வந்தவுடன், இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபமும் கூடவே வந்தது.

“உனக்குக் கொஞ்சமாவது கவனம் இருக்கவேண்டாமோ, பிள்ளை? எத்தினை பிரதி தைச்சிருக்கிறாய்! எல்லாத்தையும் சரியாத் தைச்சுப்போட்டு, என்னுடைய ஒண்டில மட்டும் எப்பிடிப் பிழை விட்டாய்?”

நஜ்முன் நிஸா அவரை வியப்போடு பார்த்தாள்.

“பிழையா? உங்கட பூரணி அக்காதானே சேர் இஞ்ச வந்து, பக்கத்திலேயே இருந்து மாத்தித் தைக்கச் சொன்னவ. ‘நான் எழுதின கதைய எங்கட அவர் ஒருநாளும் தொடமாட்டார், அவர்ட சொந்தப் புத்தகத்துக்குள்ள இருந்தாலாவது பதினாறு பக்கம் வாசிப்பார்’ எண்டு.”